அளவும் பொறுப்பும்: நாஞ்சில் நாட்டு இலக்கியம் இரண்டில் பொருளாட்சிக் கருத்து

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இயற்றிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' நகைச்சுவை நூல் என்றும் சமூகச் சீர்திருத்த நூல் என்றும் பாராட்டப் பெற்று வருகின்றது. இவ்விரு பாராட்டும் தக்கனவே. ஆயினும், நூலை நகைச்சுவையாகவே கண்டோர் அதன் நகைக்கு அடியில் ஓடும் கணக்கைக் காணாது விட்டனர். சீர்திருத்தமாகவே கண்டோர், தாய வழக்கு மாறியதும் நூலின் பயன் முடிந்தது எனக் கருதினர். ஒரு குடும்பத்தின் பொருள் எவ்வாறு ஆளப்பட்டு எவ்வாறு அழிந்தது என்பதனை அளந்து காட்டும் நூலாக அதனைப் படித்தல் கூடும். அவ்வாறு படிக்குங்கால், அளத்தல் என்னும் தொழில் பொருளாட்சியில் எவ்விடத்துப் பயன்படும், எவ்விடத்துப் பயன்படாது என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை அந்நூலிடத்தும், அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகட்குப் பின் அதே நிலப்பகுதியிற் பிறந்த எழுத்தாளர் ஒருவர் எழுதிய சிறுகதையிடத்தும் வைத்து நோக்குவோம்.

முதற்கண், 'அளவு' என்னும் சொல்லைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும் என்பது யாவரும் அறிந்தது. அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது எனத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வரையறுத்தார். இலக்கண நூல் செய்வார் ஒருவர் மரக்காலையும் துலாத்தையும் மறவாமல் நூற்பா யாத்தமை, அந்நாளைய வாழ்வில் அளவை பெற்ற இடத்தைக் காட்டும். அதே 'அளவை' என்னும் சொல், மெய்ப்பொருளை அறிதற்குக் கருவியாகிய பிரமாணத்தையும் குறிக்கும். மணிமேகலையில் சமயக் கணக்கர் கூற்றாக வரும் பத்து அளவைகளை மாணவர் அறிவர். நெல்லை அளப்பதற்கும் உண்மையைத் துணிவதற்கும் ஒரு சொல்லே வழங்கியது தற்செயல் எனத் தோன்றவில்லை. அளத்தல் என்பது பொருளின் தொகையை அறிதல் மட்டுமன்று. பிறர் மறுக்கவொண்ணாதவாறு நிறுவுதலும் ஆகும். பிறர் ஒருவர் முன் இன்றி அளக்கும் அளவு பாதி அளவேயாம். இக்கருத்தைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

திருக்குறட் பொருட்பாலில் 'வலியறிதல்' என்னும் அதிகாரம் (அதி. 48) அளவைப் பற்றியதே. வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி ஆகிய நான்கினையும் சீர்தூக்கிச் செய்க என்று தொடங்கும் அவ்வதிகாரம், இறுதி நான்கு குறட்பாக்களில் வருவாய், செலவு, ஈகை என்பவற்றின் அளவிற்கு வந்து நிற்கின்றது. போர்க்களத்திற் தொடங்கிய அதிகாரம் கருவூலத்தில் முடிதல் நோக்கற்பாலது. நடுவில் மயிற்பீலி ஏற்றிய வண்டி வருகின்றது. பீலி நிறை குறைந்தது. ஆயினும் மிகுத்து ஏற்றின் அச்சு முறியும். இங்கு ஆசிரியர் அளக்கச் சொல்வது பீலியின் நிறையை மட்டுமன்று. அச்சின் பொறையை அறியாதவன் பீலியை எத்துணை நுட்பமாக நிறுத்தாலும் பயனில்லை. ஏற்றப்படுவதன் அளவு வேறு, ஏற்பதன் அளவு வேறு. இவ்விரண்டினையும் ஒன்றோடொன்று பொருத்தியபின்னரே அளவு அறிவாகின்றது. இதற்கு முந்திய 'தெரிந்து செயல்வகை' (அதி. 47), வினை தொடங்குமுன் அழிவதனையும் ஆவதனையும் பின்னர் விளையும் ஊதியத்தையும் எண்ணச் சொல்லுகின்றது, வரும் ஆக்கத்தை நோக்கிக் கையிலுள்ள முதலை இழக்கும் வினையை அறிவுடையார் மேற்கொள்ளார் என்றும் விலக்குகின்றது.

மேலைநாட்டு மேலாண்மை நூலார் அண்மையிற் கூறியவற்றை எல்லாம் வள்ளுவர் முன்னரே கூறிவிட்டார் என்று சொல்லி மகிழும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது ஆராய்ச்சியன்று. ராபர்ட் கப்லான், டேவிட் நார்ட்டன் என்னும் இருவரும் 1992இல் ஒரு நிறுவனத்தைப் பணக்கணக்கு ஒன்றாலேயே அளத்தல் தவறென்றும், வாடிக்கையாளர், உள்வினை, கற்றலும் வளர்ச்சியும் ஆகியவற்றையும் உடன்வைத்து அளத்தல் வேண்டும் என்றும் எழுதினர். அவர் கூறியனவும் நான்கு, வள்ளுவர் கூறியனவும் நான்கு என்று எண்ணொப்புக் காட்டுதலால் ஒரு பயனும் இல்லை. ஆலைகளையும் பங்குச் சந்தையையும் கண்ட நூலார்க்கும், அரசனை நோக்கி அறம் உரைத்த புலவர்க்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. ஆயின் இருவரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர்: எளிதில் அளக்கக் கூடிய ஒன்றையே அளந்து, அதனையே முழுமை எனக் கொள்ளுதல் கேடு பயக்கும் என்பதே அவ்விடம்.

இனி, நாஞ்சில் நாட்டிற்கு வருவோம். கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த நாடு அது. அங்கு நிலத்தைக் கோலால் நீட்டி அளந்து கூறுவதினும், அதில் விதைக்கப்படும் நெல்லால் அளந்து கூறுதலே வழக்காயிற்று. இத்துணை மரக்கால் விதைப்பாடு, இத்துணைக் கோட்டை விதைப்பாடு என்பர். கோட்டை என்பது 21 மரக்கால். நீட்டல் அளவையால் அளக்க வேண்டிய நிலத்தை முகத்தல் அளவையால் அளந்தனர் என்பது நகைத்தற்குரியதன்று. நிலம் எவ்வளவு நீண்டது என்பதினும் எவ்வளவு ஏற்கும் என்பதே உழவனுக்கு வேண்டுவது. முன்னர்க் கண்ட அச்சின் பொறையே இங்கும் கருதப்பட்டது. பாட்டமும் நெல்லாகவே அளக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் களங்களில் நெல் அளப்போர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று கூறி, அடுத்ததனை 'இரண்டு' என எண்ணித் தொடர்வர். எண்ணத் தொடங்கும் இடத்திலேயே ஊதியத்தை வைக்கும் இவ்வழக்கு மங்கலம் கருதியது. எனினும் களத்தில் நிற்கும் குடியானவன், பாட்டம் வாங்குவோன், கூலிக்கு நிற்போர் ஆகிய மூவர் செவியிலும் விழுமாறு உரத்துக் கூறப்படுதலே அவ்வெண்ணிக்கையின் உயிர். மரக்காலைக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதில் பூசல் எழுந்தால் அங்கேயே தீர்க்கப்படும். அளவு பலர்முன் நிகழ்ந்தது.

களத்தில் இருந்த இவ்வொழுங்கு வீட்டின் உள்ளே இல்லை. இதுவே மான்மியத்தின் கரு என்பது என் துணிபு.

மருமக்கள்வழித் தாயத்தில் குடும்பப் பொருளை ஆளுவோன் காரணவன். அவனுக்குப்பின் உரிமையுடையோர் அவன் உடன்பிறந்தாளின் மக்கள். அவன் மனைவியும் மக்களும் அப்பொருளில் உகந்துடைமை என்னும் பெயரால் ஒரு சிறு பகுதியையே பெறக்கூடியவர். காரணவன் ஆட்சியில் உள்ளபோது இளையோர் அவனிடம் கணக்குக் கேட்டல் பொதுவாக இயலாது என்பதே மருமக்கள்வழி வழக்குகளில் நீதிமன்றங்கள் நெடுங்காலம் கொண்டிருந்த கொள்கை. பிரித்துத் தருமாறு கேட்கவும் அவர்க்கு உரிமையில்லை. ஆட்சியில் பெருங்குறை காட்டி அவனை நீக்குமாறு வழக்கிடுதல் ஒன்றே எஞ்சிய வழி. ஆகவே காரணவன் வீட்டிற் கணக்கு எழுதியிருக்கலாம், எழுதாதும் இருக்கலாம்; இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. கேட்போர் இல்லாத கணக்கு, எழுதப்பட்டாலும் கணக்கன்று.

கவிமணி தம் நூலை அத்தகைய காரணவன் ஒருவனின் ஐந்தாம் மனைவி கூறும் கதையாக அமைத்தார். 1917–18ஆம் ஆண்டுகளில் திருவனந்தபுரத்துத் 'தமிழன்' இதழில் தம் பெயர் இன்றி, பழஞ்சுவடி ஒன்றிற் கண்டது போன்று வெளியிட்டு, 1942இல் நூலாக்கினார். காப்பியங்களுக்குரிய 'படலம்' என்னும் பகுப்பை மாமியாரின் கொடுங்கோலுக்கும் சக்களத்திப் பூசலுக்கும் இட்டமையில் உள்ள நகை வெளிப்படை. உள்ளுறை நோக்கின் வேறொன்று புலனாம். இவ்வீட்டில் எல்லாரும் அளந்துகொண்டே இருக்கின்றனர். மாமி மருமகளின் உழைப்பையும் உணவையும் அளக்கின்றாள். மனைவியர் தத்தமக்குக் கிடைத்ததைப் பிறருக்குக் கிடைத்ததனோடு ஒப்பிட்டு அளக்கின்றனர். மருமகன் தன் நாள் வரும் காலத்தை அளக்கின்றான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மரக்கால் உண்டு. குடும்பத்தின் முதல் எவ்வளவு, அது வளர்கின்றதா தேய்கின்றதா என்பதனை மட்டும் அளப்பார் ஒருவரும் இலர். முதலை வளர்த்தால் பயன் தன் மக்கட்குச் செல்லாது என்பதனால் காரணவனுக்கும், இன்று கை வைக்க இயலாது என்பதனால் மருமகனுக்கும், என்றுமே உரியதன்று என்பதனால் மனைவிக்கும் அம்முதலில் நாட்டம் இல்லை. அளவின்மையால் அக்குடும்பம் அழியவில்லை. பங்களவு மிக்கு முதலளவு இன்மையால் அழிந்தது. இன்றைய பெருநிறுவனங்களிலும் பிரிவு தோறும் தத்தம் எண்களை உயர்த்திக் காட்ட, முழு நிறுவனம் தளர்வதனை அத்துறையார் எடுத்துரைப்பர்.

இவ்விடத்தில் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்னும் பகுதியின் பொருள் விளங்கும். 'கோடு' என்பது நாஞ்சில் வழக்கில் நீதிமன்றம். (வளைதலையும் ஒருபக்கம் சாய்தலையும் குறிக்கும் 'கோடு' என்னும் பழஞ்சொல்லோடு இதற்குப் பிறப்புறவு இல்லை, ஆயினும் தமிழறிந்த கவிமணி அவ்வொலியொப்பை எண்ணாமல் இத்தலைப்பை இட்டிரார் என்றே கருதுகின்றேன்.) இப்படலத்தை நாஞ்சிலார்க்கு இயல்பாக உள்ள வழக்காடும் வேட்கையின் எள்ளல் எனக் கொள்வாருளர். அது மேலோட்டமான கருத்து. வீட்டில் கணக்குக் கேட்க இடமில்லாதபோது, கணக்கைத் தேடக்கூடிய ஒரே இடம் கோடு. ஆண்டுக்கொரு முறை களத்திற்போல் ஒருநாளில் நிகழ வேண்டிய அளவு, வழக்கறிஞரும் முத்திரைத்தாளும் சாட்சிகளும் கொண்டு பல்லாண்டு நிகழ்கின்றது. அளக்கும் கூலி அளக்கப்படும் பொருளை விழுங்கிவிடுகின்றது. ஆக்கம் கருதி முதலிழக்கும் வினை என வள்ளுவர் விலக்கியது இதுவே. எனவே அப்படலம் நூலின் கிளைக்கதை அன்று. முதலிலிருந்து ஓடிவரும் குறையின் முடிநிலை.

நூலின் குறை ஒன்றையும் கூறாது விடுதல் நேர்மையன்று. கதை கூறுவாள் குறையுடையாள். வழக்கில் ஒரு கட்சியினள். அவள் எடுத்துவைக்கும் அளவுகள் யாவும் வாதியின் அளவுகள். காரணவன் தரப்பு எங்கும் கேட்கப்படுவதில்லை. ஐந்து மனைவியர் வயிறும் மருமக்கள் வயிறும் தன்மேல் பொறுத்திருக்க, அவனும் மயிற்பீலி ஏற்றிய அச்சே என எண்ணுதற்குக் கவிமணி ஒரு சிறு வாயிலும் விடவில்லை. கணக்கின்மையைக் கடியும் நூல் தான் காட்டும் கணக்கில் ஒரு பக்கத்தையே எழுதிற்று. 1494இல் வெனிசில் அச்சாகிய தம் கணித நூலில் லூகா பாச்சோலி விளக்கிய இரட்டைப் பதிவு முறை, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவை எதிர்நிறுத்தும். அவ்வெதிர்ப்பக்கம் மான்மியத்தில் இல்லை. எள்ளல் இலக்கியத்திற்கு அது இயல்பே என்று அமைதி கூறலாம். எனக்கு அவ்வமைதி முழுதும் நிறைவு தரவில்லை. காரணவனுக்கு ஒரு படலம் அளித்திருந்தால் நகை குறைந்திராது, நூல் உயர்ந்திருக்கும்.

1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. பிரிவினைக்கும் மக்கள் உரிமைக்கும் வழி பிறந்தது. மான்மியமே அதனைக் கொணர்ந்தது என்று கூறுவது மிகை. அதற்கு மனம் பழகுமாறு செய்தது என்பது பொருந்தும். அண்டைப் பகுதியில், 1932ஆம் ஆண்டுச் சென்னை மருமக்கத்தாயச் சட்டம் கணக்கு வைத்தலையே காரணவனின் கடமையாக்கிற்று. நாஞ்சில் நாட்டில் கூட்டுப் பொருளையே பிரித்து, ஒவ்வொருவனையும் தன் பங்கிற்குத் தானே கணக்காளன் ஆக்கினர். கூட்டைக் காத்துக் கணக்கைப் புகுத்துதல் ஒன்று; கூட்டைக் கலைத்துக் கணக்கிற்குத் தேவை இல்லாமற் செய்தல் மற்றொன்று. இரண்டாவது வழியால் பெண்டிரும் மக்களும் பெற்ற விடுதலை பெரிது. பெருநிலம் சிறுபங்குகளாய்ச் சிதறியதும் உண்மை.

கவிமணியின் உலகம் நெல்லுலகம். சுந்தர ராமசாமி (1931–2005) எழுதிய 'விகாசம்' என்னும் சிறுகதையின் உலகம் துணிக்கடை. நாகர்கோவிலில் தாமும் துணிவாணிகம் நடத்தியவர் ஆதலின், கல்லாவின் அருகிலிருந்து கண்டார்க்கே தெரியும் நுட்பங்கள் அக்கதையில் உண்டு. கடை முதலாளியின் மகன் கதை கூறுகின்றான். கண்பார்வை இல்லாத ராவுத்தர் ஒருவர் அக்கடையில் கணக்குக் கூட்டுபவர். விற்பனையாளர் துணியின் அளவையும் விலையையும் கூறக்கூற, எழுதாமலும் தயங்காமலும் தொகையைச் சொல்லுவார். அவர் இன்றேல் விழாக்கால விற்பனை நடவாது. பின்னர் ஒருநாள் கடைக்குக் கணக்குப் பொறி ஒன்று வருகின்றது. அவர் செய்ததை அப்பொறி பிழையின்றிச் செய்கின்றது. ராவுத்தர் ஒடுங்கிப் போகின்றார்.

இங்கே கதை முடிந்திருப்பின் அது பொறியால் மனிதன் வீழ்ந்த கதைகளுள் ஒன்றாகியிருக்கும். ஆசிரியர் மேலும் செல்கின்றார். கூட்டல் வேலை கையைவிட்டு நீங்கியபின், கடையின் பிற செய்திகள் ராவுத்தரின் வாயிலிருந்து வெளிப்படத் தொடங்குகின்றன: இன்ன தொகை செலுத்தவேண்டிய நாள் நெருங்கிற்று, இன்ன வேலை முடியாது கிடக்கின்றது என்பன போன்றவை. அத்தனை ஆண்டுகளும் அவர் கூட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, கடையையே கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி அதனை உணர்ந்து, கணக்கினும் மேற்பட்ட பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கின்றார். மலர்தல், விரிதல் என்னும் பொருளுடைய தலைப்பு இதனைக் குறிக்கும்.

எதிர்ப்பட்டார்க்கெல்லாம் இனிய முடிவு தேடும் கதை என இதனைக் குறைகூறுவோர் உளர். முதலாளியின் நல்லுணர்வை நம்பியே முடிவு நிற்கின்றது என்னும் அளவில் அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. வேறொரு முதலாளியாயின் ராவுத்தர் வீட்டிற்கு அனுப்பப்பட்டிருப்பார். ஆயினும் கதையின் நுண்பொருள் முடிவில் இல்லை. அளத்தலுக்குள் இரண்டு தொழில்கள் மறைந்துள்ளன என்பதனைப் பொறி வந்து பிரித்துக் காட்டியதில் உள்ளது. தொகை காணுதல் ஒன்று. எதனை, எப்போது, யார்பொருட்டு அளக்க வேண்டும் என அறிதல் மற்றொன்று. ஒருவனே இரண்டையும் செய்த காலத்தில் முன்னதே அவன் திறமை எனப்பட்டது; பின்னது கண்ணிற் படவில்லை. ராவுத்தர் தம்மைத் தாமே குறைத்து மதித்ததும் இதனால்தான்.

இதனை ஒட்டி மேலைநாட்டுச் செய்தி ஒன்று நினைவிற்கு வருகின்றது. அளக்க இயலாததனை ஆள இயலாது என்னும் கூற்று எட்வர்ட்ஸ் டெமிங் (1900–1993) என்னும் புள்ளியியல் அறிஞர் பெயரால் எங்கும் வழங்குகின்றது. அவர் எழுதியதோ இதற்கு மறுதலை. அவ்வாறு எண்ணுதல் பெரும்பொருள் இழக்கச் செய்யும் பொய்ந்நம்பிக்கை என்பதே அவர் கருத்து. பாடபேதம் ஆராயும் நமக்கு இது புதிதன்று: மறுக்கும் பொருட்டு எடுத்த பிறர்கோளை ஆசிரியர் கோளாகக் கொள்ளும் பிழை உரைகளிலும் உண்டு. பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் கூறியதும் ஈண்டு எண்ணத்தக்கது: ஆளுதற்பொருட்டு ஓர் அளவின்மேல் அழுத்தம் கொடுக்கப்பட்டவுடன், அவ்வளவு முன்போல் உண்மையைக் காட்டாது மாறும். மரக்காலைக் குவித்து அளக்கும் கை, தனக்கு வேண்டியவாறு குவியலை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லது என்பதனைக் களத்தில் நின்ற எவரும் அறிவர்.

விகாசத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஊரார் கணக்கையெல்லாம் பிழையறக் கூட்டும் ராவுத்தர், தம் குடும்பத்திற்கு அக்கடையிலேயே கடனாகத் துணி எடுப்பதில் அளவு அறியாதவர். பழைய பாக்கி தீராமல் மேலும் எடுப்பதனால் அவர்க்கும் முதலாளிக்கும் பிணக்கு நேர்கின்றது. வாழ்வின் அளவறியாதவன் வளம் உளது போலத் தோன்றிக் கெடும் என்னும் வள்ளுவர் கருத்திற்கு இதனைவிடப் பொருத்தமான பாத்திரம் காண்டல் அரிது. ஆயினும் ஆசிரியர் அவரை இகழவில்லை. மக்கள் உடுக்க வேண்டும் என்பதும் ஓர் அளவே. முதலாளியின் பேரேட்டில் அதற்கு ஏடு இல்லை. மான்மியத்தில் காரணவனுக்கு மறுக்கப்பட்ட அந்த எதிர்ப்பக்கத்தைச் சுந்தர ராமசாமி ராவுத்தர்க்கு அளித்தார். இரு நூல்களையும் ஒப்பிடும்போது பின்னதன் மேம்பாடு இவ்வொன்றில் எனக்குத் தெளிவாகத் தோன்றுகின்றது. மொழியாற்றலிலும் ஊர் வழக்கின் செழுமையிலும் மான்மியமே மேம்பட்டது.

மாணவர் மேற்கொண்டு ஆராய்தற்கு ஒன்று குறிப்பிட்டு அமைவேன். அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளில் நாஞ்சில் நாட்டு நிலம், நெல், வரி பற்றிய செய்திகள் பல உள. அவற்றைத் தேடிப் படியெடுத்தவருள் கவிமணியும் ஒருவர். மரக்காலும் கோட்டையும் நிறைந்த அவ்வோலைகளில் தோய்ந்த கண்களே மான்மியத்து வீட்டையும் நோக்கின. மெட்ரிக் அளவைகள் 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின் அச்சொற்கள் பேச்சிலிருந்து தேய்ந்து வருகின்றன. ஓலைகளில் அளந்தவன் பெயரும் அளப்பித்துக் கொண்டவன் பெயரும் சேர்த்து எழுதப்பட்டுள்ளனவா, அன்றித் தொகை மட்டுமே எழுதப்பட்டுள்ளதா என்பதனை ஒவ்வோர் ஓலையாகப் பிரித்துக் காணுதல் வேண்டும்.